உழுகிறவர் பெயர் எந்த ஏட்டில்?



2024 நவம்பர் 19ஆம் தேதி. லண்டனில் நாடாளுமன்றத்துக்குப் பக்கத்தில் ஆயிரக்கணக்கான விவசாயிகள் குளிரில் திரண்டு நின்றார்கள். ஊர்வலத்தில் முன்னால் போனவர்கள் சின்னப் பிள்ளைகள். பொம்மை டிராக்டரில் உட்கார்ந்து காலால் மிதித்துக்கொண்டு போனார்கள். பாட்டன் உழுத நிலம், அப்பன் உழுத நிலம், அது பிள்ளை கைக்கு வரும்போது அரசாங்கம் வாரிசு வரியோடு எதற்குக் குறுக்கே வந்து நிற்கிறது? அன்றைக்கு அவர்கள் கேட்டது இதைத்தான்.

நியாயமான கேள்வி. ஆனால் அந்தக் கூட்டத்தில் பொம்மை டிராக்டர் மிதித்த பிள்ளையின் அப்பாவும் இருந்தார், ஜெரமி கிளார்க்சனும் இருந்தார். கார் நிகழ்ச்சியால் பெரும் பணம் சேர்த்த தொலைக்காட்சிக்காரர் அவர். ஆக்ஸ்போர்டுஷயரில் பண்ணை வாங்கியவர். நிலத்தில் போட்ட பணத்தைத் தான் செத்த பிறகு அரசாங்கம் தொட முடியாது என்று முன்பு அவரே சொல்லியிருந்தார். இந்த இரண்டு பேரும் ஒரே பதாகையின் கீழே நின்றார்களே, அதற்குள்தான் இந்த விவகாரத்தின் முழுச் சிக்கலும் இருக்கிறது.

பிரிட்டனில் இந்த வரியின் கதை 1894இல் தொடங்குகிறது. வில்லியம் ஹார்கோர்ட் என்ற நிதியமைச்சர் இறந்தவரின் சொத்து மீது எஸ்டேட் வரி போட்டார். 1925இல், சர்ச்சில் நிதியமைச்சராக இருந்தபோது, விவசாய நிலத்துக்குச் சலுகை வந்தது. சலுகை வளர்ந்து வளர்ந்து, 1992இல் தன் நிலத்தைத் தானே பயிர் செய்கிறவருக்கு நூற்றுக்கு நூறு விலக்கு என்று ஆனது. அதுவரை சரி என்றே சொல்வேன். உழுகிறவருக்குக் கிடைத்த விலக்கு அது.

1995 செப்டம்பர் 1ஆம் தேதியைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு காரியம் ஒன்றாக நடந்தது. நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வேறெங்கோ குடியிருக்கிற முதலாளிக்கும், அன்று முதல் விடுகிற குத்தகைகளுக்கு முழு வரிவிலக்கு கிடைத்தது. அதே நாளில் புதிய குத்தகைச் சட்டமும் நடைமுறைக்கு வந்தது. குத்தகைதாரர் தன் ஆயுளுக்கும் அந்த நிலத்தில் இருக்கலாம் என்ற பழைய பாதுகாப்பு புதுக் குத்தகைகளில் இல்லாமல் போனது. 1976இல் அதே நாட்டில், குத்தகைதாரர் இறந்தால் அவர் பிள்ளைக்கும், அதற்கடுத்த தலைமுறைக்கும் குத்தகை தொடரலாம் என்று சட்டம் இருந்தது. அந்த உரிமை 1984க்குப் பிறகு வந்த புதியவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கவில்லை. ஆக, நிலம் வைத்திருந்தவரின் வாரிசுக்கு வரியே இல்லை, நிலத்தில் பாடுபட்டவரின் வாரிசுக்கு நிலமே இல்லை. இதை எதிர்த்து அன்றைக்கு யாரும் லண்டன் தெருவில் டிராக்டர் ஓட்டியதாக நான் எங்கும் படிக்கவில்லை.

விலக்கு கலப்பையை விட்டுப் பத்திரத்தோடு ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும்? பணம் வைத்திருப்பவன் நிலத்தைத் தேடி வருவான். விளைச்சலுக்காக வரமாட்டான், வரிக்கு ஒதுங்க வருவான். அவன் வந்ததும் ஏக்கர் விலை ஏறும். விலை ஏறினால் விவசாயியின் சொத்து மதிப்பு காகிதத்தில் ஏறும், வருமானம் பழைய இடத்திலேயே நிற்கும். பக்கத்து வயலை வாங்க நினைக்கிற இளம் விவசாயிக்கு அது எட்டாமல் போகும். பிரிட்டன் அரசே வெளியிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. 2021-22இல் இந்த வேளாண் விலக்கால் கிடைத்த மொத்தப் பயனில் 22 சதவீதம், வெறும் 37 பெரிய எஸ்டேட்களுக்குப் போயிற்று. ஊரில் விவசாயியின் பெயரைச் சொல்லிக் கொடுத்த சலுகையில் அந்த 37 குடும்பங்கள் எடுத்தது 11 கோடியே 90 லட்சம் பவுண்டு.

அதனால் 2024 அக்டோபர் 30இல், நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் பட்ஜெட்டில் இதில் கைவைத்தபோது, நோக்கத்தை நான் குறை சொல்ல மாட்டேன். கைவைத்த விதத்தைச் சொல்வேன். 2026 ஏப்ரல் முதல், 10 லட்சம் பவுண்டு வரைக்கும்தான் முழு விலக்கு, அதற்கு மேல் பாதி விலக்கு என்றார். கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஒரு பண்ணைக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம், பொறுமையாகக் கேளுங்கள்.

200 ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஊருக்கு நடுத்தரப் பண்ணை. ஏக்கர் 10,000 பவுண்டு என்றால் நிலம் 20 லட்சம். வீடு, கொட்டகை, மாடு, இயந்திரம் எல்லாம் 5 லட்சம். ஆக 25 லட்சம். 10 லட்சத்துக்கு வரி இல்லை. மீதி 15 லட்சத்தில் பாதி, ஏழரை லட்சம், வரிக் கணக்கில் வரும். அதில் எல்லோருக்கும் உள்ள தனிநபர் விலக்கு 3,25,000 கழியும். நிற்பது 4,25,000. அதற்கு 40 சதவீதம் என்றால் 1,70,000 பவுண்டு. பத்து ஆண்டுத் தவணை, வட்டி இல்லை என்றார்கள். வருஷத்துக்கு 17,000. அந்தப் பண்ணையில் செலவு போக 35,000 மிஞ்சுகிறது என்றாலும், பத்து வருஷத்துக்குப் பாதி வருமானம் வரிக்கே போகும். அந்தப் பத்து வருஷத்தில் மழை பொய்த்தாலும் கட்டியாக வேண்டும், கோதுமை விலை சரிந்தாலும் கட்டியாக வேண்டும். விற்றால்தான் பணம் என்கிற சொத்துக்கு, விற்க மனமில்லாதவனிடம் வரி கேட்டால் அவன் எங்கே போவான்?

வயதானவர்களை நினைத்துப் பாருங்கள். நிலத்தை உயிரோடு இருக்கும்போதே பிள்ளைக்குத் தானமாகக் கொடுத்தால் வரி இல்லை, ஆனால் கொடுத்த பிறகு ஏழு வருஷம் உயிரோடு இருக்க வேண்டும் என்பது அங்கே சட்டம். எண்பது வயதுக்காரர் என்ன செய்வார்? "நிலத்தை வைத்துக்கொள், செத்தால் வரி இல்லை" என்று முப்பது வருஷமாக அரசே சொல்லிவந்தது, அவரும் நம்பி வைத்துக்கொண்டார். ஒரே நாளில் கணக்கு மாறியது. 2026 ஏப்ரலுக்கு முன்னால் இறந்துவிட்டால் பிள்ளைக்கு மிச்சம் என்று ஒரு முதியவரை யோசிக்க வைக்கிற சட்டம், எந்த நாட்டிலும் இருக்கக் கூடாத சட்டம். இதை நான் கோபத்தோடுதான் சொல்கிறேன்.

அரசியலுக்கு வருவோம். தேர்தலுக்கு முன்னால் தொழிற்கட்சியின் ஸ்டீவ் ரீட், இந்த விலக்கை மாற்றும் எண்ணம் இல்லை என்று நில உரிமையாளர்கள் முன்னிலையில் சொல்லியிருந்தார். பிறகு அவரே சுற்றுச்சூழல் அமைச்சராக வந்து மாற்றத்தை நியாயப்படுத்தினார். ஆண்டுக்கு 500 எஸ்டேட்தான் பாதிக்கப்படும் என்றது அரசு. 70,000 பண்ணைகள் பாதிக்கப்படும் என்றார்கள் எதிர்த்தவர்கள். இருவரும் எதிரெதிராகக் கத்தினார்கள், ஆனால் ஒருவர் ஒரு வருஷத்தில் நடக்கிற இறப்பை எண்ணினார், மற்றவர் நாட்டில் உள்ள பண்ணைகளை எண்ணினார். ஒரே தராசில் வைக்க முடியாத இரண்டு எண்களை வைத்து ஒரு வருஷம் சண்டை நடந்தது. 2025 டிசம்பரில் வாக்கெடுப்பு வந்தபோது, மார்கஸ் கேம்ப்பெல்-சேவர்ஸ் என்ற ஆளுங்கட்சி உறுப்பினர், கிராமப்புறத் தொகுதிக்காரர், எதிர்த்து வாக்களித்தார். கட்சி அவரை இடைநீக்கம் செய்தது. அதே மாதம் 23ஆம் தேதி, அதே அரசு, வரம்பை 10 லட்சத்திலிருந்து 25 லட்சம் பவுண்டாக உயர்த்தியது. கணவன் மனைவி இருவருக்குமாக 50 லட்சம். நாம் போட்ட 200 ஏக்கர் கணக்கில் வரி இப்போது ஒரு பென்னி கூட இல்லை. அந்த உறுப்பினர் எதை எதிர்த்தாரோ, அதில் பெரும்பகுதியை அரசே மாற்றிக்கொண்டது.

ஆனால் ஒன்று நடக்கவே இல்லை. உழுகிறவர் யார் என்று அப்போதும் சட்டம் கேட்கவில்லை. 25 லட்சம் வரம்பு வங்கி முதலாளிக்கும் உண்டு, ஆட்டு மந்தை மேய்க்கிறவருக்கும் உண்டு. அருண் அத்வானி முதலான வரி ஆய்வாளர்களின் சென்டாக்ஸ் மையம் ஒரு யோசனை சொன்னது: ஒருவரின் மொத்தச் சொத்தில் குறைந்தது 60 சதவீதம் பண்ணையோ தொழிலோ ஆக இருந்தால் அவருக்குத் தாராளமாக விலக்குக் கொடுங்கள், பங்குச் சந்தையில் கோடிகள் வைத்துக்கொண்டு கூடவே ஒரு பண்ணை வாங்கியவருக்குக் கொடுக்காதீர்கள் என்றது. நல்ல யோசனை. அரசு அதை எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, இதை நம் ஊரில் எதற்குப் பேச வேண்டும்?

2024 ஏப்ரலை நினைவுபடுத்துகிறேன். நாடாளுமன்றத் தேர்தல் நேரம். காங்கிரஸ்காரர் சாம் பிட்ரோடா அமெரிக்காவின் வாரிசு வரியைப் பற்றி ஏதோ சொல்ல, பிரதமர் அதைப் பிரசார மேடைக்குக் கொண்டுவர, அது தன் கட்சியின் கருத்து இல்லை என்று காங்கிரஸ் விலக, ஒரு வாரம் நாடே அதைப் பேசியது. தாலி, நகை, நிலம் எல்லாம் போய்விடும் என்று நம் டீக்கடை வரைக்கும் பேச்சு வந்தது. அந்த ஒரு வாரத்தில் விவசாயியிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு செய்தியை எந்த மேடையும் உரக்கச் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. அரசமைப்புச் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில், மாநிலப் பட்டியலில், 47ஆம் 48ஆம் வரிசையில் இருக்கிறது: விவசாய நிலத்தின் மீது வாரிசு வரியோ எஸ்டேட் வரியோ போடும் அதிகாரம் மாநிலத்துக்கே உரியது. டெல்லி தானாகப் போட முடியாது.

இந்த நாட்டில் எஸ்டேட் வரி இருந்தது. 1953 அக்டோபர் 15இல் வந்தது, சி.டி. தேஷ்முக் நிதியமைச்சர். விவசாய நிலத்துக்கு அதை நீட்ட, அரசமைப்புச் சட்டத்தின் 252ஆம் பிரிவின்படி மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட வேண்டியிருந்தது. உச்ச விகிதம் 85 சதவீதம் வரை போனது. வசூலோ ஆண்டுக்கு ஏறத்தாழ 20 கோடி ரூபாய்தான். 1985 மார்ச்சில் வி.பி. சிங் அதை முடித்துவைத்தார். இடையில் 1972இல் கே.என். ராஜ் குழு பெரிய பண்ணைகளுக்கு, விளைச்சல் திறனைப் பார்த்து, வரி போடலாம் என்று ஒரு திட்டம் கொடுத்தது. மாநிலங்கள் தொடவில்லை.

அமெரிக்காவிலும் இதே வாதம் ஓடியது. வாரிசு வரியால் குடும்பப் பண்ணைகள் அழிகின்றன என்று அங்கே ஆண்டுக்கணக்கில் முழங்கினார்கள். 2001இல் பத்திரிகையாளர் ஒருவர் அப்படி அழிந்த பண்ணை ஒன்றைக் காட்டுங்கள் என்று கேட்டபோது, நாட்டின் மிகப் பெரிய விவசாயச் சங்கத்தால் ஒன்றைக்கூடக் காட்ட முடியவில்லை. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தின் நீல் ஹார்ல், விவசாயிகளின் வரி விஷயத்திலேயே வாழ்நாளைச் செலவழித்தவர், தேடியும் தனக்கு ஒன்று கிடைக்கவில்லை என்றார். சின்ன விவசாயியை முன்னால் நிறுத்திவிட்டுப் பெரிய சொத்து பின்னால் ஒளிந்துகொள்கிற வேலை எந்தக் கண்டத்திலும் ஒன்றுபோலத்தான் நடக்கிறது.

தமிழ்நாட்டில் சராசரி நில உடைமை ஏறத்தாழ 0.75 ஹெக்டேர். இரண்டு ஏக்கருக்கும் கீழே. இவர்களிடம் யாரும் வாரிசு வரி கேட்கப் போவதில்லை, கேட்கவும் கூடாது. இன்றைக்கு இந்தக் காவிரிப் படுகையில் அவர்களை வாட்டுவது வேறு. நாகப்பட்டினம், திருவாரூர், தஞ்சாவூர் பக்கம் எத்தனை பேர் கோயில் நிலத்தில், மடத்து நிலத்தில், சென்னையிலோ வெளிநாட்டிலோ இருப்பவர் நிலத்தில் வாய்ச்சொல் குத்தகைக்குப் பயிர் செய்கிறார்கள்! விதை அவர்களுடையது, கடன் அவர்களுடையது, கணுக்கால் சேறு அவர்களுடையது. வெள்ளம் வந்து கதிர் முளைத்துப் போனால், நிவாரணத்துக்குப் பட்டா யார் பெயரில் என்று கேட்கிறார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடனுக்குப் போனால் அடங்கல் கேட்கிறார்கள். அடங்கலில் பெயர் ஏற்ற நிலத்துக்காரர் சம்மதம் வேண்டும் என்கிறார்கள். அவரோ, பெயர் ஏறினால் நாளைக்கு உரிமை கொண்டாடுவான் என்று பயப்படுகிறார். அந்தக் குத்தகைதாரர் இறந்தால் அவர் பிள்ளைக்கு வரிப் பிரச்சினையே வராது. வாரிசாக வாங்கிக்கொள்ள அங்கே என்ன இருக்கிறது, சொல்லுங்கள்?

நம்மிடம் சட்டம் இல்லையா? இருக்கிறது. 1955ஆம் ஆண்டுச் சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் சாகுபடிதாரர் யார் என்று தெளிவாகச் சொல்கிறது: தன் உடலுழைப்பையோ தன் குடும்பத்தார் உடலுழைப்பையோ அந்த நிலத்தில் செலுத்துகிறவர். அவர் இறந்தால், அப்படியே உழைக்கிற அவர் வாரிசுக்கும் அந்தப் பாதுகாப்பு உண்டு. பிரிட்டனில் எத்தனையோ திருத்தங்களுக்குப் பிறகும் வரிச்சட்டம் எட்டாத இடத்தை நம் சட்டமன்றம் எழுபது ஆண்டுக்கு முன்பே தொட்டிருக்கிறது. 1969இல் குத்தகை உரிமைகளைப் பதிவு செய்யத் தனிச் சட்டமும் போட்டோம். அந்தப் பதிவேட்டில் பெயர் இருந்தால், நாளைக்கு எந்த அரசு நிலத்துக்கு வரி போட்டாலும், விலக்குக் கொடுத்தாலும், யாருக்கு என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கும். பெயர் இல்லாவிட்டால், உழைத்தவரை எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடும். குடிநீர், தெருவிளக்கு எல்லாம் கேளுங்கள், கேட்க வேண்டியதுதான். கூடவே ஒரு தீர்மானம் கொண்டுவாருங்கள்: எங்கள் ஊர்க் குத்தகைப் பதிவேட்டில் இருக்கிற பெயர்களை வருவாய்த் துறை எங்கள் முன்னால் வாசிக்க வேண்டும், விடுபட்ட சாகுபடிதாரர்களிடம் ஊரிலேயே மனு வாங்க வேண்டும் என்று எழுதுங்கள். மனு எழுதிக் கொடுக்க இந்த நூலக வாசகர் வட்டத்து இளைஞர்கள் வருவார்கள் என்று அதன் செயலாளர் என்னிடம் சொல்லியிருக்கிறார். நானும் வருகிறேன்.