நாடி பார்ப்பவருக்கும் ஒரு பரீட்சை



நம்ம லேப் வைவா ஞாபகம் இருக்கா? எந்த எக்ஸ்டெர்னல் வருவார், எந்த எக்ஸ்பெரிமெண்ட் விழும் என்பதிலேயே பாதி மார்க் போய்விடும். மருத்துவ மாணவர்களுக்கும் அதே கதைதான். ஒருவருக்குச் சுலபமான நோயாளி, இன்னொருவருக்குச் சிக்கலான நோயாளி.

இதை மாற்ற, 1975-இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் ஒரு தேர்வு முறையை வெளியிட்டார்கள். இன்று அதை 'ஆஸ்கி' என்கிறார்கள். வரிசையாகப் பல ஸ்டேஷன்கள். ஒவ்வொன்றிலும் சில நிமிஷம். மணி அடித்தால் அடுத்தது. எல்லோருக்கும் ஒரே வேலை, மார்க் போட ஒரே பட்டியல். பிரஷர் பார்ப்பது ஒரு ஸ்டேஷன் என்று வையுங்கள். கை கழுவினாரா, அனுமதி கேட்டாரா, பொருத்தமான பட்டையைக் கட்டினாரா, நோயாளியின் கையை இதய மட்டத்தில் வைத்தாரா என்று ஒவ்வொன்றையும் பார்ப்பார்கள்.

என்ஜினியர்களுக்கு இது பழகிய செக்லிஸ்ட்தான். ஆனால் இங்கே பிசகினால் கஷ்டம் மனுஷனுக்கு. கை தொங்கினால் பிரஷர் கூடுதலாகக் காட்டும். வேண்டாத மாத்திரை வீடு வந்து சேரும். படிப்பைச் சோதித்தால் மட்டும் போதாது, செய்கிற கையையும் சோதிக்கணும்.

நண்பர்களே, நாமும் நாற்பதை நெருங்குகிறோம். பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்காருங்கள், கையை மேஜைமேல் வையுங்கள். நம் பங்கு மார்க் அது!