ஒத்து ஊதும் பெட்டி



யார் என்ன சொன்னாலும் தலையாட்டுகிற ஆளைப் பார்த்தால், "நல்லா ஒத்து ஊதுறான்" என்று கேலி பேசுவோம். அந்தப் பேச்சு நாதஸ்வரக் கச்சேரியிலிருந்து வந்தது. நாயனக்காரருக்குப் பக்கத்தில் நின்று ஒரே ஸ்வரத்தை மணிக்கணக்காக ஊதுகிறவர் ஒத்துக்காரர். மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, கன்னத்தில் அடக்கிய காற்றை வாயால் விட வேண்டும். நாதம் அறுபடவே கூடாது. செய்து பார்த்தவருக்குத்தான் தெரியும், அது கேலிக்குரிய வேலையா என்று.

இன்று மதுரையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குள் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் ஒத்துக்காரர் இருக்க மாட்டார். தவிலுக்குப் பக்கத்தில், மடித்த துண்டின் மேல் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். நாயனக்காரர் சீவாளியை நாக்கில் நனைத்தபடி அதன் குமிழை லேசாகத் திருகுவார். இரண்டரைக் கட்டையில் சுருதி நின்றதும் வாசிப்பு தொடங்கிவிடும்.

இந்தப் பெட்டிக்கு ஒரு வரலாறு உண்டு. முதலில் துருத்தி வைத்த சுருதிப்பெட்டி வந்தது. அதை அமுக்கிக்கொண்டே இருக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. ஆளே வேண்டாம் என்ற நிலையைக் கொண்டுவந்தவர் பெங்களூரைச் சேர்ந்த ஜி. ராஜ் நாராயண். பொறியாளர், புல்லாங்குழல் கலைஞரும்கூட. அவர் உருவாக்கிய மின்னணுத் தம்புரா 1979-ல் சென்னை மியூசிக் அகாடமியின் மாநாட்டையொட்டி மக்கள் பார்வைக்கு வந்தது. அவருடைய ராடெல் நிறுவனம் பிறகு தாளத்துக்கும் பெட்டி செய்தது, மின்னணு வீணையும் செய்தது.

அதே காலத்தில் ஜப்பானில், 1972-ல் தொடங்கிய ரோலண்ட் நிறுவனம் கீபோர்டும் டிரம் இயந்திரமும் செய்துகொண்டிருந்தது. அந்தக் கருவிகள் மேடையின் முன்னால் நிற்பவை. நம் ஊர்ப் பெட்டியோ பின்னால் இருந்து சுருதி கொடுப்பது. நம் சங்கீதத்துக்கு எது தேவை என்பது ஒரு குழல் வித்வானுக்குத் தெரிந்திருந்தது.

தம்புராவின் நான்கு தந்திகள் பஞ்சமம், சட்ஜம், சட்ஜம், கீழ்ச் சட்ஜம் என்று வரிசையாக ஒலிக்கும். குதிரையின் மேல், தந்திக்கு அடியில் ஒரு நூலைச் செருகி நகர்த்தினால் நாதம் ரீங்காரமிடும், அதுதான் ஜீவாளி. மீட்டிய தந்தி மெல்ல அடங்குவதையும் அந்த ரீங்காரத்தையும் மின்சுற்றில் கொண்டுவருவதுதான் கடினமான வேலை. பெட்டியில் கட்டையை மாற்ற ஒரு குமிழ், மீட்டும் வேகத்துக்கு ஒரு குமிழ், புன்னாகவராளி போன்ற ராகங்களுக்குப் பஞ்சமத்தை மத்தியமமாக்க ஒரு வசதி. இப்போது இதெல்லாம் கைபேசிச் செயலியிலேயே கிடைக்கிறது.

லாபம் கண்கூடு. பாட்டு கற்கும் பிள்ளை, துணைக்கு ஆள் இல்லாமல் விடியற்காலையில் தனியாக உட்கார்ந்து சாதகம் செய்யலாம். நஷ்டமும் உண்டு. ஒத்துக்காரரின் பிழைப்பு போனது. இன்னொன்று, 1916-ல் மதுரையில் பிறந்த எம்.எஸ். சுப்புலட்சுமியின் தலைமுறை தம்புராவைத் தானே சுருதி சேர்த்துக் காதைப் பழக்கிக்கொண்டது. பெட்டியில் அந்தப் பயிற்சிக்கு இடமில்லை. குமிழைத் திருகினால் போதும்.

பெட்டியை வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் வீட்டுப் பிள்ளை பாட்டு கற்கிறதா? வாரத்தில் ஒரு நாளாவது பெட்டியை அணைத்துவிட்டு, ஒரு தம்புராவைத் தானே சுருதி கூட்டச் சொல்லுங்கள்.