நோயாளிக்கு நேரும் இரு கேடுகள்



ஊசி போடாத டாக்டரை நம்மவர் டாக்டராகவே மதிப்பதில்லை. 2018-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், உத்தரப் பிரதேசத்தின் பாங்கர்மாவ் பகுதியில் பலருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது வெளிப்பட்டது. வீடு தேடி வந்து மலிவாக வைத்தியம் செய்த போலி ஒருவர், ஒரே ஊசியைப் பலருக்கும் போட்டதே காரணம் என்று அதிகாரிகள் கூறினர். ஆகவே, மாத்திரை போதும் என்று டாக்டர் சொன்னால், ஊசிதான் வேண்டும் என்று வற்புறுத்த வேண்டாம். ஊசி அவசியமானால், புதிய உறையை நம் கண்முன் பிரிக்கும்படி கேட்போம். அது மரியாதைக் குறைவன்று.

நோயாளியை ஒதுக்குவதும் கேடுதான். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986-இல் சென்னையில், டாக்டர் சுனிதி சாலமன் குழுவினரால் கண்டறியப்பட்டது. தொற்றுடையோரைத் தொடவும் மருத்துவர் பலர் தயங்கிய அந்நாளில், 1993-இல், அவ்வம்மையார் ஒய்.ஆர்.ஜி. கேர் நிலையத்தை நிறுவினார். தியாகராய நகரிலும், பின்னர் அடையாறை அடுத்த தரமணியிலும் அந்நிலையம் அவர்களுக்குச் சிகிச்சை அளித்தது.

நம் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில், தொற்றுடைய ஒருவருக்குத் தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்தனர். குவளையால் இக்கிருமி பரவாது என்று நாம் ஒரு மணி நேரம் பேசியும் எவரும் நம்பவில்லை. பஞ்சாயத்துத் தலைவரோ ஒன்றும் பேசாமல், அக்குவளையிலேயே தேநீர் வாங்கிக் குடித்தார்.