செஞ்சியாற்றின் முகத்துவாரத்தில் ஒரு தீவூர்

(செஞ்சியில் நடைபெற்ற ஊராட்சித் தலைவர்கள் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



நமது செஞ்சிக் கோட்டை 2025-ஆம் ஆண்டில் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்றதை அனைவரும் கொண்டாடினோம். இன்று நாம் பேச எடுத்துக் கொண்டது கோட்டையையன்று. நமது மலைகளின் நீரைச் சுமந்து செல்லும் சங்கராபரணியாறு கடலோடு கலக்குமிடத்தில் உள்ள ஒரு சிற்றூரை.

செஞ்சியாறு என்றும் வழங்கும் அந்த ஆறு, துறைமுக நகராகிய புதுச்சேரிக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆறு, சுண்ணாம்பாறு என இரண்டாகப் பிரிகின்றது. இவ்விரு கிளைகளும் கடலும் சூழ்ந்த தீவில் வீராம்பட்டினம் என்னும் மீனவர் ஊர் இருக்கின்றது. அதன் அருகில், ஆற்றங்கரையில் உள்ள மேட்டுநிலமே அரிக்கமேடு.

பதினெட்டாம் நூற்றாண்டில் லெ ழாந்தீல் என்னும் பிரெஞ்சு வானியல் அறிஞர் அங்குச் சென்றார். கரையிலிருந்து பெரிய பழஞ்செங்கற்களை மக்கள் எடுத்துச் செல்வதைக் கண்டார். வீரராகவன் என்னும் அரசனுடைய கோட்டையின் கற்கள் என்று ஊரார் அவரிடம் கூறினராம். அதன் பின்னரும் நெடுங்காலம் அச்செங்கற்கள் வீடு கட்டப் பயன்பட்டு வந்தன.

1937-ஆம் ஆண்டளவில் பேராசிரியர் ழூவோ துப்ரேய் அந்த மேட்டின் சிறப்பை உணர்ந்தார். 1945-இல் மார்ட்டிமர் வீலர் முறையாக அகழ்ந்தார். இத்தாலி நாட்டு மட்கலங்களும், மது நிரப்பி வந்த இருகாதுச் சாடிகளும் கிடைத்தன. ஏறத்தாழ 45 மீட்டர் நீளமுள்ள பண்டகசாலையின் அடித்தளமும் வெளிப்பட்டது. கிரேக்க மாலுமி ஒருவர் குறித்துவைத்த பொதுகே என்னும் துறைமுகம் இதுவே என்பது அறிஞர் பலர் கருத்து. 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் நடத்திய ஆய்வு, ரோமானிய வணிகம் வருவதற்கு முன்பே அங்கு ஊர் இருந்ததைக் காட்டியது. வணிகர் வந்ததால் ஊர் பிறக்கவில்லை. மணி கோத்து வாழ்ந்த ஊர் இருந்ததால் வணிகர் வந்தனர்.

ஆனால் வீட்டுச் சுவர்களுக்குள் சென்று மறைந்த செங்கற்கள் இனித் திரும்பா. அவை எந்தச் சுவரில், எந்த அடுக்கில் இருந்தன என்பதை எவராலும் கூற இயலாது.

இதனைச் சொல்லும் தகுதி நமக்கு உண்டோ என்று ஐயுறுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், நமது மேற்பார்வையில் ஒரு குளத்தை ஆழப்படுத்தியபோது தடித்த தாழித் துண்டுகள் தோன்றின. வேலை தடைப்படக் கூடாதென்று எண்ணி, அவற்றையும் மண்ணோடு கரையில் கொட்டச் செய்தோம். ஒரு முதியவர், “ஐயா, இது பழைய காலத்துப் பொருளாயிற்றே” என்றார். நாம் செவிசாய்க்கவில்லை. குளத்தில் இன்று நீர் நிற்கிறது. அவ்வூரின் ஒரு பக்கம் அழிந்து போயிற்று.

ஆதலின் தலைவர்களுக்கு நமது வேண்டுகோள் இதுவே. ஏரி தூர்வாரும்போதும், கடைக்கால் தோண்டும்போதும் பழம்பொருள் தென்பட்டால், அவ்விடத்தில் மட்டும் வேலையை நிறுத்துங்கள். பொருளை அசைக்காமல் வட்டாட்சியருக்குத் தெரிவியுங்கள். பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புடைய புதைபொருளைக் கண்டெடுப்பவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம். ஓடும் செங்கலும் அப்பணமதிப்புக்கு வாரா. ஊரின் வரலாற்றுக்கு அவையே சான்று.

இரண்டு நாள் பிந்தினால் குளம் கெட்டுவிடாது. கலைந்த மண்ணை மீண்டும் அடுக்க இயலாது.