வாசலில் நிற்பது யார்?

(முன்னாள் மாணவர் சந்திப்பு நாளன்று காலை ஆராதனையில் ஆற்றிய உரை)



'தேவ அழைப்பை அறிந்துகொள்வது எப்படி?' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்துவிட்டார்கள். நான் போதகர் அல்ல. சின்னசேலத்திலிருந்து பஸ் ஏறி வந்திருக்கிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். ஆகவே பிரசங்கத்தை எதிர்பார்க்காதீர்கள். எனக்குத் தெரிந்ததை, நான் தவறவிட்டதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாங்கள் விடுதியில் இருந்த காலத்தில் ராத்திரி ஜெபம் முடிந்ததும் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்வோம்: "உனக்கு அழைப்பு உண்டாடா?" அழைப்பு என்றால் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போவது என்றே எங்களுக்கு எண்ணம். ஒரு சத்தம் கேட்கும், ஒரு சொப்பனம் வரும் என்று நானும் காத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை.

சிறுவன் சாமுவேலின் சம்பவம் உங்களுக்குத் தெரியும். கர்த்தர் கூப்பிட்டபோது அவனுக்கு அது கர்த்தருடைய சத்தமாகத் தெரியவில்லை. கிழவர் ஏலி கூப்பிடுகிறார் என்று நினைத்து எழுந்து ஓடினான். மூன்று தரம் அப்படி ஓடினான். 'தூக்கத்தைக் கெடுக்கிறாரே' என்று அவன் படுத்துக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? தேவ அழைப்பு முதலில் ஒரு மனுஷனுடைய கூப்பாடு மாதிரிதான் காதில் விழும். பெரும்பாலும் நமக்குச் சௌகரியம் இல்லாத நேரத்தில் விழும்.

ஐடா ஸ்கடர் அம்மையாருக்கும் அப்படித்தான். 1890-களில் திண்டிவனத்தில், உடம்புக்கு முடியாத தாயைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த இளம்பெண். அமெரிக்காவுக்குத் திரும்பிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். ஒரே இரவில் மூன்று பேர் வந்து, பிரசவ வேதனையில் இருக்கும் மனைவிக்கு உதவி கேட்டார்கள். அவருடைய தகப்பனார் டாக்டர்தான். ஆனால் ஆண் டாக்டர் வேண்டாம் என்று போய்விட்டார்கள். விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். அந்தப் பெண் மருத்துவம் படித்து 1900-ல் திரும்பி வந்ததும், வேலூரில் ஆஸ்பத்திரி எழும்பியதும் நாமெல்லாம் அறிந்ததே. அங்கேயும் வானத்திலிருந்து சத்தம் வரவில்லை. வாசலில் மூன்று மனுஷர் வந்து நின்றார்கள்.

இப்போது எங்கள் ஊர்ப் பக்கம் வருகிறேன். சின்னசேலத்தில் நின்று வடமேற்கே பார்த்தால் கல்வராயன் மலை தெரியும். அந்த மலையோடு சம்பந்தப்பட்ட ஒரு பாட்டியைப் பற்றி இன்றைய பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும். ஈவ்லின் பிராண்ட். லண்டனில் வசதியான குடும்பத்தில் 1879-ல் பிறந்து, ஓவியம் படித்தவர். 1913-ல் ஜெஸ்ஸி பிராண்டை மணந்து கொல்லிமலைக்குப் போனார். தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து பெயர் பெற்ற டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் பிறந்த அவர்களுடைய மகன்தான்.

பல வருஷம் பாடுபட்டும் மலைமக்கள் அவர்களை நெருங்கவில்லை. இன்ஃபுளூயன்சா காய்ச்சல் பரவியபோது, அவர்களை எதிர்த்துக்கொண்டிருந்த பூசாரியே படுத்துவிட்டார். சாகும் தறுவாயில் தன் பெண் குழந்தையை அவர்களிடமே ஒப்படைத்தார். அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். மக்களின் மனம் திரும்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

கொல்லிமலை, பச்சைமலை, கல்வராயன் என்று ஐந்து மலைத்தொடர்களுக்கும் போக வேண்டும் என்பது அந்தத் தம்பதியின் ஆசை. 1929-ல் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்துபோனார். அம்மையார் எழுபதை நெருங்கியபோது, வயதாகிவிட்டது என்று சொல்லி, அனுப்பிய சங்கமும் ஓய்வு கொடுத்துவிட்டது. அவர் ஊருக்குத் திரும்பவில்லை. சங்கத்திலிருந்து விலகி, தானாகவே மீதி மலைகளை நோக்கிப் போனார். கல்வராயன் மலையும் அதில் ஒன்று. இடுப்பு எலும்பு முறிந்த பின்னும் இரண்டு மூங்கில் கழிகளை ஊன்றி நடந்தார். 1974-ல், 95 வயதில்தான் ஓய்ந்தார்.

இதையெல்லாம் படித்திருந்த நான் என்ன செய்தேன் தெரியுமா?

மலையடிவாரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் எனக்கு வேலை. பத்தாம் வகுப்பில் கல்வராயன் மலைப் பையன் ஒருவன். கணக்கு வரவில்லை. ஒரு சாயங்காலம் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். "சார், கொஞ்சம் சொல்லித் தர்றீங்களா?" எனக்கோ ஜெபக்கூட்டத்துக்கு நேரமாகிவிட்டது. 'எனக்கு அழைப்பைக் காட்டும்' என்று வருஷக்கணக்காக ஜெபித்துக்கொண்டிருந்த கூட்டம் அது. "நாளைக்கு வாப்பா" என்றேன். மறுநாளும் வந்தான், அதற்கு அடுத்த நாளும் வந்தான். அதே பதில்தான். நாலாம் நாள் வரவில்லை. பரீட்சையில் கணக்கில் தவறிவிட்டான். பிறகு கேரளாவுக்குக் கூலி வேலைக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

என் மனைவி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "வாசல்ல வந்து நின்னவனை விட்டுட்டு யாரைத் தேடிப் போனீங்க?" எனக்கு ஏலியாக இருந்தவள் அவள்தான். அடுத்த வருஷம் முதல் ஓய்வு பெறும் வரை எங்கள் திண்ணையில் சாயங்கால வகுப்பு நடந்தது. எத்தனையோ பிள்ளைகள் தேறினார்கள். அந்த ஒரு பையன் மட்டும் கணக்கில் வரவில்லை.

தம்பி தங்கைகளே, மூன்று காரியம் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்று, இப்போது உங்கள் வாசலில் நிற்கிறவர் யார் என்று பாருங்கள். எல்லாருக்கும் எல்லாவற்றையும் செய்ய நம்மால் முடியாது. உங்கள் கையில் இருப்பதை யார் கேட்கிறார்களோ, அங்கே தொடங்குங்கள்.

இரண்டு, 'கர்த்தருடைய சித்தம்' என்று நீங்கள் சொல்வதெல்லாம் எப்போதும் உங்கள் வசதிப் பக்கமாகவே சாய்கிறதா என்று கவனியுங்கள். வெளிநாட்டு வேலைக்குப் போகலாம், தவறில்லை. ஆனால் ஆசைக்கு அழைப்பு என்று பெயர் வைக்காதீர்கள். அதே மாதிரி, ஊழியம் என்று சொல்லிப் பெற்றோரையும் மனைவி மக்களையும் கைவிடாதீர்கள்.

மூன்று, உங்களிடம் 'இல்லை' என்று சொல்லத் துணிந்த பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் சொல்வதே முடிவு என்று நான் சொல்லவில்லை. சங்கம் வேண்டாம் என்ற பிறகும் பிராண்ட் அம்மையார் போனார். ஆனால் அந்தத் தீர்மானத்தின் பாரத்தை அவரே சுமந்தார், வேறொருவர் தலையில் ஏற்றவில்லை.

இந்த விழா முடிந்து வீட்டுக்குப் போனதும் யாராவது வந்து கதவைத் தட்டுவார்கள். நமக்கு அலுப்பாகத்தான் இருக்கும். இருந்தாலும் எழுந்து போய்த் திறங்கள்.