ஏலக்காய் ஏலமும் இறுதி நொடியும்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஏலம் என்பது நாம் பறிக்கும் காய்க்கும் பெயர். அதை விற்கும் முறைக்கும் பெயர். முன்னது நம் பழஞ்சொல். பின்னது போர்த்துக்கீசியர் வழி வந்தது. இந்த இடுக்கி மலையில் இரண்டையும் பிரித்துப் பார்க்க இயலாது.

முன்பு ஏலக்காரர் உரக்கக் கூவ, வணிகர் விலை கேட்டனர். 2007இல் போடிநாயக்கனூரிலும் வண்டன்மேட்டிலும் நறுமணப்பொருள் வாரியம் மின்னணு ஏலத்தைத் தொடங்கியது. இன்று புற்றடியில் வணிகர் முன்கூட்டியே மாதிரியைப் பார்த்து, நிறமும் பருமனும் எடைபோட்டு, கணினி முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். 2019 ஆகஸ்டில் அங்கே உயர்ந்த விலை கிலோவுக்கு 7,000 ரூபாயைத் தொட்டது. ஏல மண்டபத்தை எட்டிப் பாராத அரை ஏக்கர்க்காரரும் இதில் அடக்கம். உள்ளூர்க் கடைக்காரர் அந்த ஏல விலையைப் பார்த்துத்தானே நமக்கு விலை சொல்கிறார்!

கடைசி நொடிவரை வாய் திறவாதிருந்து சட்டென விலை கேட்பவன் வெல்வான் என்று பலர் நம்புகின்றனர். அது மெய்யா? அமெரிக்காவில் ஈபே, அமேசான் என்னும் இரண்டு இணைய ஏலங்களை ஆல்வின் ராத், ஆக்கன்ஃபெல்ஸ் என்னும் அறிஞர்கள் ஒப்பிட்டு, 2002இல் முடிவை வெளியிட்டனர். ஈபேயில் குறித்த நேரத்தில் கதவு அடைபடும். அன்றைய அமேசான் ஏலத்திலோ, இறுதியில் ஒருவர் விலையை உயர்த்தினால் மேலும் பத்து நிமிடம் நீளும். கடைசி நேரப் பாய்ச்சல் ஈபேயில் மிகுதி, அமேசானில் குறைவு. பழகியவர்களே ஈபேயில் அதிகம் காத்திருந்தனராம். சூழ்ச்சி மனிதரிடம் மட்டும் இல்லை, முடிக்கும் விதியிலும் இருக்கிறது!

நம் ஊர் ஏலக்காரரின் “ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்” என்பதும் அந்த நீளும் விதிதான். போட்டியாளனுக்கு மறுமொழி சொல்ல இடம் இருப்பதால் விற்பவனுக்கு அது நன்மை. கதவு சட்டென அடைபடும் இடத்தில் பதுங்கியவனுக்கே ஆதாயம். ஆயினும் அவனுக்கும் ஆபத்து உண்டு: மலையில் இணைப்பு அறுந்தால் அவன் கேட்ட விலை போய்ச் சேராது.

ஆதலின் சரக்கை ஒப்படைக்கும் குடும்பத்தார், ஒரு லாட்டு எப்போது முடிந்ததாகக் கொள்ளப்படும் என்பதை ஏலக்காரரிடம் முதலில் கேட்க வேண்டும். விலை கட்டாவிடில் சரக்கைத் திரும்பப் பெறும் உரிமை விளைவித்தவருக்கு உண்டு. அதற்கான அடிவிலையை வீட்டிலேயே கணக்கிட்டுச் செல்லுங்கள். உலர்த்தும் கூலியையும் அதில் சேர்க்க மறவாதீர்கள். பலர் அதை விட்டுவிடுகின்றனர்.

இளைஞர்களே, வங்கி ஏலத்தில் வீடோ நிலமோ கேட்கப் போவீர்களாயின், அறிவிப்பில் “ஐந்து நிமிட நீட்டிப்பு” என்னும் வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் காத்திருப்பதில் பயனில்லை. உங்கள் உச்சவிலையை மனைவியும் அறியத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு அமருங்கள். அதற்குமேல் விரல் போனால் அவர் தடுப்பார்.