பூவிதழ் எண்ணிய சிறுமி
(அமெரிக்கத் தேர்தல் விளம்பரங்கள் பற்றிய உரை)



அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல்களில் ஓர் அபேட்சகர் மற்றவரைத் தாக்கும் விளம்பரங்கள் பற்றியும், அவற்றைக் கண்ட வாக்காளரின் மனப்போக்குப் பற்றியும் இன்று பேச எடுத்துக்கொண்டோம். கடல் கடந்த கதை நமக்கெதற்கு என்று கமக்காரர் ஒருவர் கேட்கக்கூடும். நாமும் 1982 முதல் ஜனாதிபதித் தேர்தல்களில் வாக்களித்து வருகின்றோம். ஆகவே அந்நாட்டார் நீண்டகாலம் பயின்ற வித்தையை அறிந்து வைப்பதில் நட்டமில்லை.

1964 ஆம் ஆண்டு செப்டெம்பர் 7 ஆம் நாள் இரவு, தொலைக்காட்சியில் ஒரு திரைப்படத்தின் நடுவே ஒரு நிமிட விளம்பரம் ஒன்று தோன்றியது. சிறுமி ஒருத்தி பூவொன்றின் இதழ்களைப் பிய்த்து, எண்களைத் தடுமாறித் தடுமாறி எண்ணுகின்றாள். ஒன்பதை எட்டியதும் முரட்டுக்குரல் ஒன்று பத்திலிருந்து கீழ்நோக்கி எண்ணத் தொடங்குகின்றது. சிறுமியின் கண்மணி திரை முழுவதையும் நிரப்புகின்றது, அணுகுண்டு வெடிக்கின்றது. அதன்மேல் ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனின் குரல் கேட்கின்றது.

எதிர்த்து நின்றவர் பரி கோல்ட்வாட்டர். அவருடைய பெயர் அவ்விளம்பரத்தில் ஓரிடத்திலேனும் இல்லை. இருந்தும், பார்த்தவர்கள் யாரை நினைத்தார்கள் என்பதில் ஐயமில்லை. அணு ஆயுதத்தைப் பற்றி அவர் பொறுப்பின்றிப் பேசுகின்றார் என்ற எண்ணம் ஏற்கெனவே பரவியிருந்தது. கியூபாவில் ஏவுகணைகள் வைக்கப்பட்டு உலகம் நடுங்கிய 1962 ஒக்டோபர் முடிந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. விளம்பரத்தை ஆக்கியவர்களுள் ஒருவரான டொனி ஸ்வாட்ஸ், கேட்பவனிடம் புதிதாக ஒன்றைப் புகுத்த வேண்டியதில்லை, அவனுள் இருப்பதைத் தொட்டால் போதும் என்ற கொள்கையுடையவர். விதையை அவர் கொண்டுவரவில்லை. நிலத்தில் கிடந்த விதைக்கு நீர் மட்டும் பாய்ச்சினார்.

காசு கொடுத்து அதை ஒளிபரப்பியது ஒரே ஒரு முறைதான். எதிர்ப்பு எழுந்தது, செய்தி நிகழ்ச்சிகள் அதையே மீண்டும் காட்டின. கண்டித்தவர்களே இலவசமாகப் பரப்பினார்கள்!

நவம்பரில் ஜோன்சன் நூற்றுக்கு 61 வீத வாக்குகளைப் பெற்றார். அவர் முன்பே வெகுதூரம் முந்தியிருந்தவர். பூவிதழ்தான் வெற்றியைத் தந்தது என்று கூறுவது விளம்பரக்காரரின் பெருமைப்பேச்சாகும். நம்மை உறுத்துவது வேறு. அமெரிக்க இளைஞரைத் தொலைவிலுள்ள ஆசியப் போருக்கு அனுப்பப் போவதில்லை என்று அவர் ஒக்டோபரில் மேடையில் கூறினார். 1965 மார்ச்சில் கடற்படைத் துருப்பினர் வியட்நாமின் டனாங்கில் இறங்கினர். 1968 முடிவில் அங்கே ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட அமெரிக்கப் படையினர் இருந்தனர். நடவாத அணுப்போருக்கு அஞ்சி வாக்களித்தவர்கள், நடக்கவிருந்த போரைப் பற்றித் தக்க கேள்வி கேட்காமலே வாக்குச்சாவடியை விட்டு வந்தார்கள். அச்சம் செய்யும் கேடு இதுவே. அது வாக்கை மாற்றாவிடினும், கேள்வியை மாற்றிவிடுகின்றது.

இனி 1988. மசச்சூசெற்ஸ் மாநில ஆளுநர் மைக்கல் டுகாகிஸ், ஜூலையில் ஒரு கருத்துக்கணிப்பில் 17 புள்ளிகள் முன்னணியில் இருந்தார். அம்மாநிலத்தில் கைதிகளுக்குத் தற்காலிக விடுப்பு வழங்கும் திட்டம் ஒன்றிருந்தது. ஆயுட்கைதியான வில்லி ஹோட்டன் என்ற கறுப்பினத்தவர் விடுப்பில் சென்று திரும்பாமல், 1987 இல் மேரிலாந்தில் ஒரு பெண்ணைப் பாலியல் வன்முறைக்கு உட்படுத்தி அவருடன் இருந்தவரையும் தாக்கினார். அவரது முகப்படத்தை ஒரு வெளிக்குழு விளம்பரத்தில் காட்டியது.

நீதியாகவே பேசுவோம். குற்றச்சாட்டு முழுப்பொய்யன்று. கொலைக்குற்றவாளிகளை விடுப்பிலிருந்து விலக்கும் சட்டமூலத்தை 1976 இல் தடுத்தவர் டுகாகிஸ் அவர்களே. அதைக் கேட்க வாக்காளருக்கு உரிமையுண்டு. ஆனால் அத்திட்டம் 1972 இல், குடியரசுக் கட்சி ஆளுநர் ஒருவரின் காலத்தில் தொடங்கியதென்று விளம்பரம் சொல்லவில்லை. வெள்ளையரின் பழைய இன அச்சத்தை அந்தக் கறுப்பு முகம் தொட்டது. அதைச் சொற்களால் சொல்லவேண்டிய தேவையும் இருக்கவில்லை. டுகாகிஸ் நெடுநாள் தக்க மறுமொழி கூறவில்லை. வழக்கு மன்றத்தில் எதிராளி வாய்திறவாவிட்டால் என்ன நேரும் என்பதை இங்குள்ள சட்டத்தரணிகள் அறிவர். ஜோர்ஜ் புஷ் 40 மாநிலங்களை வென்றார். வாக்களிக்கும் வயதினரில் ஏறத்தாழப் பாதிப்பேரே வாக்களித்தனர்.

இத்தகைய விளம்பரங்களே மக்களை வாக்குச்சாவடியிலிருந்து விரட்டுகின்றன என்று அன்சோலபெகர், ஐயங்கார் எனும் இரு அறிஞர் 1995 இல் நூல் எழுதினர். பின்னர் பல ஆய்வுகளையும் ஒருங்கே நிறுத்துப் பார்த்த வேறு அறிஞர், 2007 இல், வாக்களிப்பு அவ்வாறு குறைவதற்கு உறுதியான சான்றில்லை என்றனர். தாக்குதல் வாக்கைப் பெற்றுத் தருகின்றது என்பதற்கும் நிலையான சான்று கிடைக்கவில்லை. தாக்குதல் மனத்தில் பதிகின்றது. அரசின்மேல் மக்கள் வைத்த நம்பிக்கை சிறிது தேய்கின்றது. இவ்வளவே அவர்கள் கண்டது. வெறுக்கின்றோம் என்று கூறுபவர்களும் அதை மறப்பதில்லை. வென்றவர் ஆளவேண்டியதும் அந்தத் தேய்ந்த நம்பிக்கையைக் கொண்டுதான்.

விளம்பரத்துக்கு அபேட்சகர் தம் வாயாலேயே ஒப்புதல் கூறவேண்டும் என்று 2002 இல் அமெரிக்காவில் சட்டம் வந்தது. நல்ல சட்டம். வெளிக்குழுக்களின் விளம்பரங்களுக்கு அந்த ஒப்புதல் தேவையில்லை. 2004 இல், வியட்நாமில் போரிட்டுப் பதக்கம் பெற்ற ஜோன் கெரியின் போர்ச்சேவையையே பழித்தது அத்தகையதொரு குழு. அவரும் தொடக்கத்தில் வாளாவிருந்தார். 2010 இல் அந்நாட்டு உயர்நீதிமன்றம், கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இவ்வாறு தனித்து எவ்வளவும் செலவிடலாம் என்று தீர்ப்பளித்தது. சேற்றைக் குழு வீசுகின்றது. அபேட்சகரோ, அக்குழுவுக்கும் தமக்கும் தொடர்பில்லை என்று கூறிவிட்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விடுகின்றார்.